உப்புக்காரியின் இடது புருவம்

பிழையைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. எங்கள் விளையாட்டுக்கான விக்கி இணையதளத்தை நான் கட்டி மேய்த்ததே அந்தக் குணத்தால்தான்.

எங்கள் கம்பெனியின் அசெம்பிளி லைனுக்குப் பயிற்சிக்கு வந்த ஒரு பொறியியல் மாணவி சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன விளையாட்டு அது. ஒருத்தி கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு கற்பனை ஆளாக அதற்குள் நுழைய வேண்டும். தாவினால் தப்பிப்பார்களா, விழுவார்களா என்பதைப் பகடை தீர்மானிக்கும். லீவு நாளில் இருங்காட்டுக்கோட்டையில் என் தோழியின் வாடகை அறையில் பாய் விரித்து ஆடுவோம். அவள் தூத்துக்குடிப் பக்கம், நான் பிள்ளைப்பாக்கம். ஒரே லைன், ஒரே கம்பெனி பஸ், பக்கத்துப் பக்கத்து சீட்.

ஆடிய ஆட்களை மறக்காமலிருக்க இணையத்தில் ஒரு இலவச விக்கி தொடங்கினேன். யாரும் பக்கம் எழுதலாம், யார் எழுதியதையும் யாரும் திருத்தலாம். ஒரகடத்தில் கம்பெனிப் பெண்கள் தங்கும் ஹாஸ்டல்களுக்குச் செய்தி பரவி, பக்கங்கள் மளமளவென்று பெருகின. ஒரே மந்திரவாதிக்கு மூன்று பக்கம் இருக்கும். ஒரு பக்கத்தில் செத்துப்போன கொள்ளைக்காரன் இன்னொரு பக்கத்தில் கல்யாணம் பண்ணிக்கொண்டிருப்பான். எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்து ஒழுங்கு செய்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் அடையாளம், ஆயுதம், பலவீனம் என்று கட்டங்கள் வைத்தேன். கட்டம் காலியாக இருந்தால் எழுதியவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவேன். "சூப்பர்வைசரே உன்னாண்ட பிச்சை வாங்கணும்" என்று கூட ஆடும் பெண்கள் கேலி செய்வார்கள்.

தோழியின் ஆள் உப்புக்காரி. சின்ன வயதில் தங்கையைத் தூங்கவைக்க அவளே புனைந்த கதைகளில் வந்தவள். அடையாளக் கட்டத்தில் 'இடது புருவத்தில் தழும்பு' என்று எழுதியிருந்தாள். தோழிக்கே புருவத்தில் தழும்பு உண்டு, ஆனால் வலது பக்கம். வேண்டுமென்றேதான் மாற்றி எழுதினாள். அப்பா பேசி முடித்த மாப்பிள்ளையை வேண்டாமென்று, வீட்டுக்குத் தெரியாமல் ஒரு பையோடு பஸ் ஏறி வந்தவள் அவள். போன் நம்பரையும் மாற்றிவிட்டாள். இருக்கும் இடம் தெரிந்தால் வந்து இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் அவளை விட்டதே இல்லை.

ஒரு ஞாயிறு மதியம் ஆட்டத்தின் நடுவே என் போனில் அறிவிப்பு வந்தது. பெயர் போடாத யாரோ உப்புக்காரியின் பக்கத்தில் ஒரே ஒரு சொல்லை மாற்றியிருந்தார். இடது போய் வலது வந்திருந்தது.

"எவனோ வேலவெட்டி இல்லாதவன், உன் ஆளுக்குப் புருவத்த மாத்திக்கீறான் பாரு" என்றேன்.

போனைப் பிடுங்கிப் பார்த்தவள் முகத்தில் ரத்தமே இல்லை. மற்றவர்கள் கிளம்பிப் போனதும் கதவைத் தாழிட்டாள்.

"எம்மூஞ்சியத் தெரிஞ்சவங்கதாம்ட்டி இத எழுத முடியும். உப்புக்காரி பேரத் தேடி வீட்ல யாரோ கண்டுபுடிச்சிட்டாவ."

பக்கத்தை அழித்துவிடட்டுமா என்று கேட்டேன். நிர்வாகி என்பதால் அந்தப் பொத்தான் என்னிடம்தான் இருந்தது.

"பொறுட்டி. யாருன்னு தெரியாம அழிச்சா எப்படி? அப்பாவா, தங்கச்சியான்னு தெரியணும்லா."

அப்போதுதான் தழும்பின் கதையைச் சொன்னாள். படியில் விழுந்ததால் வந்தது என்றுதான் வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். உண்மையில் அது தங்கை எறிந்த கல். தங்கைக்கு அடி விழக்கூடாது என்று இவள் பழியைப் படி மேல் போட்டுவிட்டாள். அது அக்காவுக்கும் தங்கைக்கும் மட்டுமே தெரியும்.

பக்கத்தோடு ஒட்டியிருக்கும் உரையாடல் பகுதியில், என் வழக்கமான கறார் தொனியில் எழுதினேன்: "திருத்தியவர் கவனிக்க. தழும்பு எப்படி வந்தது என்பதையும் குறிப்பிடவும்." கல் என்று வந்தால் தங்கை. படி என்று வந்தால் வேறு யாரோ.

மறுநாள் ஷிஃப்ட் முடிந்து லாக்கரிலிருந்து போனை எடுத்து, பஸ்ஸில் உட்கார்ந்துதான் திறந்தேன். பதில் வந்திருந்தது. "படியில் விழுந்தது."

அவள் அழவில்லை. ஜன்னலை இழுத்துச் சாத்திவிட்டு, தலையைக் குனிந்துகொண்டாள். எங்களைத் தாண்டிப் போன ஒவ்வொரு காரிலும் யார் இருக்கிறார்கள் என்று நான் எட்டிப் பார்த்தேன். இருங்காட்டுக்கோட்டையில் அவளை இறங்கவிடாமல் எங்கள் வீட்டுக்கே கூட்டிப்போனேன்.

"இன்னாடி, ரூம்ல தண்ணி வர்லியா?" என்று என் அம்மா கேட்டாள். ஆமாம் என்றேன். வாசலில் பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் எங்கள் இருவர் தட்டிலும் கை நின்றது.

சாப்பிட்டதும் பக்கத்தை அழிக்கப் போனேன். 'நிச்சயமாகவா?' என்று கேட்டது. அழிக்கப்போகிற பக்கத்தில்கூடக் கட்டங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கிற புத்தி எனக்கு. பார்த்தேன். பலவீனம் என்ற கட்டத்தில் புதிதாக ஒரு வரி இருந்தது.

'தங்கச்சி கல்லை எடுத்தால் குனியத் தெரியாது.'

போனை அவளிடம் நீட்டினேன். படித்தவள் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்றே தெரியவில்லை.

"கேக்குறது யாருன்னு அவளுக்கும் தெரியாதுல்லா" என்றாள். "அதான் ஊருக்குச் சொல்றத அங்க சொல்லிட்டு, நெசத்த இங்க எழுதிருக்கா. அவளும் பயந்துதாம்ட்டி கெடக்கா."

எனக்கோ பயம் இரட்டிப்பானது. அந்தச் சின்னப் பெண்ணிடம் தனியாகப் போன் இருக்காது. வீட்டுப் போனில்தான் எழுதியிருப்பாள். அதே போனை அப்பா கையில் எடுத்தால் கதை முடிந்தது. ஆனால் பக்கத்தை அழித்தால் இரண்டு பேருக்கும் இருக்கிற ஒரே வழியும் போய்விடும்.

தோழி ஆயுதம் என்ற கட்டத்தைத் திறந்து, இருந்ததை எடுத்துவிட்டு, 'சொந்தச் சம்பளம்' என்று எழுதினாள்.

"நாளைக்கு ஷிஃப்ட் முடியிற வரைக்கும் இருக்கட்டும். அவ பாக்கட்டும். அப்புறம் அழிச்சிரு."

அந்த ஷிஃப்டைப் போல் நீளமான ஒன்றை நான் பார்த்ததில்லை. போன் லாக்கரில். வெளியே என்ன நடக்கிறது என்று தெரியாது. யாராவது கேட்டில் வந்து அவள் பெயரைச் சொல்லிக் கேட்டால்? அந்த யோசனையில் ஸ்க்ரூவைத் தவறவிட்டேன். "இன்னாம்மா, நின்னுகினே தூங்கிறியா?" என்று லைன் லீடர் கத்தினார். எதிரே நின்ற தோழி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஷிஃப்ட் முடிந்ததும் ஓடிப்போய்ப் போனை எடுத்தேன். தங்கையின் வரியைக் காணவில்லை. 'சொந்தச் சம்பளம்' அப்படியே இருந்தது. அடையாளக் கட்டத்தில் வலது போய், மறுபடியும் இடது வந்திருந்தது.

யாரும் தங்கைக்கு எதையும் விளக்கவில்லை. அக்கா ஏன் தப்பாக எழுதினாள் என்று அவளாகவே புரிந்துகொண்டு, அந்தத் தப்பைத் தன் கையால் திரும்ப வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

பஸ்ஸில் தோழி அந்த ஒரு வரியையே திரும்பத் திரும்பப் படித்தாள். விரல் அவளது வலது புருவத்தின் மேல் இருந்தது.

"அழிக்கட்டா?"

"வேண்டாம்ட்டி."

பழைய திருத்தங்கள் யார் கண்ணிலும் படாதபடி மறைத்தேன். வேறு யாரும் மாற்ற முடியாதபடி பக்கத்தைப் பூட்டினேன். தங்கைக்காக உரையாடல் பகுதியை மட்டும் திறந்து வைத்தேன். பயம் போய்விடவில்லை. கம்பெனி கேட்டைத் தாண்டும்போது இன்றும் அவள் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறாள், நானும் பார்க்கிறேன்.

போன வாரம் எங்களோடு புதிதாக ஆட வந்த பெண் உரையாடல் பகுதியில் அக்கறையாக ஒரு குறிப்பு எழுதியிருந்தாள். உப்புக்காரியை ஆடும் அக்காவுக்கும் இதே தழும்பு இருக்கிறதே, அது வலது புருவத்தில் அல்லவா, பக்கத்தில் பிழை இருக்கிறதோ என்று.

அதை உடனே அழித்தேன். அந்த ஞாயிறே அவளைத் தனியே அழைத்து, தோழியின் முகத்தைப் பற்றி எங்கேயும் எழுதாதே என்றேன்.

"தப்பாச்சேக்கா" என்றாள். "நீங்கதான் தப்பே இருக்கக்கூடாதும்பீங்க."

"இடதுதான்" என்றேன். "நான் பாத்துக்கீறேன்."