இடது பக்கத்து வயலின்

என் அண்ணனுக்கு இடது காது கேட்காமல் போயிருந்தது, அவருக்கே தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதோடு நிற்கவும் இல்லை. அதை வைத்தே அவரை நண்பர்கள் நடுவில் தோற்கடித்தேன். முதலாண்டு நினைவு நாளில் இந்த மலரைக் கையில் வாங்கிப் படிக்கும் உறவினர்களும் நண்பர்களும் முதலில் இதை அறிந்துகொள்ள வேண்டும். அவருடைய வாழ்க்கையை அதன் பிறகு படிப்பதே முறை.

அண்ணன் ஈரோட்டில் பிறந்தார். அப்பா தறிக்காரர்களுக்கு நூல் வாங்கி விற்றவர். நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே காலமாகிவிட்டார். அண்ணன் படிப்பை முடித்த கையோடு வேலைக்குப் போய் என்னைப் பொறியியல் படிக்கவைத்தார். அமெரிக்காவுக்கு முதலில் வந்தவரும் அவரே. பார்சிப்பனி என்ற ஊரில் அண்ணியோடும் கைக்குழந்தையோடும் சின்ன அபார்ட்மெண்டில் இருந்த காலத்தில், எனக்கு விசா கிடைத்து வந்து சேர்ந்தேன். ஹாலில் எனக்கொரு மெத்தை போட்டுக் கொடுத்தார். எனக்கு வேலை கிடைக்கும்வரை ஒருநாள்கூட 'எப்போது கிளம்புகிறாய்' என்ற கேள்வி அவர் முகத்தில் வந்ததில்லை. எனக்குப் பின்னால் வந்த எத்தனையோ குடும்பங்களும் அந்த ஹாலில் படுத்து எழுந்தவை. இதைப் படிப்பவர்களில் சிலருக்கு அந்த மெத்தை நினைவிருக்கலாம்.

யாரிடமும் குரலை உயர்த்தாதவர் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார். பாட்டு என்றால் இசைத்தட்டில்தான் கேட்க வேண்டும் என்பார். நானோ கலிபோர்னியாவில் ஒலிக்கருவிகள் செய்யும் கம்பெனியில் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தவன். ஒலியை எண்ணாக்குவதே என் பிழைப்பு. இந்தச் சண்டை தொலைபேசியில் பல காலம் நடந்தது. மகளுக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்று அவரும், அவருக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்று நானும் ஃபிரிஸ்கோ நகருக்குக் குடிவந்தபின் நேரிலேயே நடந்தது.

எங்கள் இளமைக் காலத்துத் திரையிசைத் தட்டு ஒன்றை, பழைய ஒலிநாடாவிலிருந்து சுத்தம் செய்து, ரீமாஸ்டர் என்று சொல்லி மறுபடி வெளியிட்டார்கள். புதிய தட்டாகவும் வந்தது, டிஜிட்டலாகவும் வந்தது. அண்ணன் இரண்டையும் வாங்கினார்.

"டிஜிட்டல்ல எல்லாத்தையும் ஒரே சத்தத்துக்கு ஏத்தி வெச்சிருக்கான்டா. பாடறவ மூச்சு விடறதும் தபேலாவும் ஒரே அளவா இருக்குது. தட்டுல அப்படி இல்ல."

"அண்ணா, அந்தத் தட்டையும் அதே ஃபைல்ல இருந்துதான் வெட்டியிருப்பாங்க. நீங்க கேக்கறது ஊசி தேயற சத்தம். அதுக்குப் போயி இனிமைன்னு பேரு வெச்சிருக்கீங்க."

"உனக்கு மீட்டர்ல முள்ளு ஆடுனாத்தான் பாட்டு. போடா."

ஞாயிறுகளில் அனுமார் கோயிலுக்குப் போய்விட்டு அண்ணன் வீட்டில் கூடும் நண்பர்களுக்கு இது அலுத்துப்போனது. "அங்கிள், ரெண்டு பேரும் பேசிப் பேசி எங்க காது போச்சு. ஒரு பிளைண்ட் டெஸ்ட் வெச்சு முடிச்சிருங்க" என்றார் ஒருவர். பாட்டு எதிலிருந்து வருகிறது என்று பார்க்காமல், கேட்டே சொல்ல வேண்டும். அண்ணன் உடனே ஒப்புக்கொண்டார், அடுத்த ஞாயிறு என்று முடிவாயிற்று.

அந்த ஞாயிறுக்கு முன்பு என்னை அழைத்தார். "இந்த ரீமாஸ்டர்ல இடது பக்கத்து வயலின் எல்லாம் மங்கிக் கெடக்குது. வந்து பாருடா" என்றார். ஒலி அளக்கும் மீட்டரோடு போனேன். அந்தப் பாட்டில் வயலின் கூட்டம் இடது ஸ்பீக்கரிலும் புல்லாங்குழல் வலது ஸ்பீக்கரிலும் இருக்கும். அளந்து பார்த்தேன். இரண்டும் சமமாக இருந்தன. சுவரில் மோதித் திரும்பும் ஒலியாக இருக்குமோ என்று, அவருடைய நாற்காலியைத் திருப்பிப்போட்டு, ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டி உட்காரச் சொன்னேன்.

"அட, வயலின் வந்துருச்சு! இப்ப புல்லாங்குழல் மங்கிப்போச்சு" என்று குழந்தை மாதிரி சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. தட்டோ ஸ்பீக்கரோ கெட்டிருந்தால் மங்கல் அது இருந்த இடத்திலேயே இருந்திருக்கும். அவர் திரும்பினார், அதுவும் அவரோடு திரும்பி அவருடைய இடது காதுப் பக்கமே நின்றது. என் தொழிலில் இதைவிடத் தெளிவான விடை கிடைக்காது.

"என்னடா, ரூம்தான் காரணமா?"

"ஆமாங்கண்ணா. அந்தக் கண்ணாடி ஜன்னல். திரை போட்டாச் சரியாயிரும்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். நயமான காரணம் எதுவும் இல்லை. காது கேட்கவில்லை என்று சொல்லிவிட்டால் பரீட்சை நின்றுவிடும். என் படிப்பு, என் விசா, என் முதல் வேலை என எல்லாவற்றிலும் அவருக்குக் கீழே நின்றவன் நான். எனக்குச் சொந்தமான இந்த ஒரு துறையில் அவரை ஜெயிக்கும் நாளை இழக்க எனக்கு மனம் வரவில்லை. ஞாயிறு முடியட்டும், திங்களன்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

பரீட்சைக்குப் பாட்டைத் தேர்ந்தெடுத்தவனும் நான்தான். தட்டுக்கும் டிஜிட்டலுக்கும் வேறுபாடு ஏதாவது இருந்தால், அது இடதுபக்க வயலின்களில் மட்டுமே தெரியக்கூடிய பகுதியாகப் பார்த்து எடுத்தேன். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, தலையை லேசாகச் சாய்த்து, ஒவ்வொரு முறையும் வெகுநேரம் கேட்டார். ஒவ்வொரு முறையும் தயங்கினார். பெரும்பாலும் தவறாகவே சொன்னார்.

"என்ன அங்கிள், தட்டுன்னு நெனச்சு லேப்டாப்பப் பாராட்டிட்டீங்க!" என்று ஒருவர் கத்த, வீடே சிரித்தது. அண்ணனும் சிரித்தார். "வயசாயிப்போச்சப்பா. தம்பி சொன்னதுதான் சரி" என்று சொல்லிவிட்டுக் காபி கொண்டுவர எழுந்தார். திரும்பும்போது அவருடைய இடது தோள் கதவுநிலையில் இடித்தது. கொஞ்சம் தள்ளாடி, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். மற்றவர்கள் பேச்சில் இருந்தார்கள். நான் பார்த்தேன்.

திங்களன்று சொல்லவில்லை. சொன்னால் ஞாயிற்றுக்கிழமை வெற்றி பொய் என்று ஆகிவிடும். ரெக்கார்ட் பிளேயரை அண்ணன் கராஜுக்குக் கொண்டுபோய்விட்டார் என்று அண்ணி சொன்னபோதும் சொல்லவில்லை. அவர் போனை வலது காதுக்கு மாற்றிக்கொண்டதைக் கண்டேன். மேசையில் இடதுபக்கம் உட்கார்ந்தவர்களுக்குப் பதில் சொல்லாமல் சாப்பிட்டார். நடக்கும்போது கால் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பக்கம் விலகியது. ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாள் ஆக ஆகச் சொல்வது இன்னும் கடினமாயிற்று.

ஒருநாள் மகள் பதற்றத்தோடு அழைத்தாள். "சித்தப்பா, அப்பா டோல்வே ரோட்டுல கார் ஓட்டறப்ப லேன் மாறி மாறிப் போயிட்டே இருந்தாரு. ட்ரக் ஹார்ன் அடிக்குது, அவருக்குக் கேக்கவே இல்ல. ஐ வாஸ் ஸோ ஸ்கேர்ட். நீங்க ஏதாச்சும் நோட்டிஸ் பண்ணீங்களா?"

"வயசாகுதில்லம்மா" என்றேன்.

அன்று அவள் என்னை நம்பவில்லை என்பதே என் அதிர்ஷ்டம். அவளே டாக்டரிடம் அழைத்துப் போனாள். ஸ்கேனில், காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் ஒரு கட்டி தெரிந்தது. புற்றுநோய் இல்லை, ஆனால் வளர்ந்து மூளைத்தண்டை அழுத்திக்கொண்டிருந்தது. காது எப்போதிருந்து கேட்கவில்லை என்று டாக்டர் கேட்டார். "இப்பத்தான், தலைசுத்தல் வந்ததுக்கப்புறம்" என்றார் அண்ணன். நான் அதே அறையில் நின்றுகொண்டிருந்தேன். சிறிதாக இருந்தபோதே வந்திருந்தால் கதிர்வீச்சோடு நிறுத்தியிருக்கலாமா என்று மகள் கேட்டாள். இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்த 'இருக்கலாம்' என்னோடு வீட்டுக்கு வந்தது. இன்னும் போகவில்லை.

அறுவை சிகிச்சைக்குப் பின் இடது காது முழுவதும் போயிற்று. முகத்தின் இடதுபுறம் தொங்கிவிட்டது. வீடு திரும்பிய அவரிடம் ஒரு பிற்பகல், வலதுபக்கம் உட்கார்ந்து, நாற்காலியைத் திருப்பிப்போட்ட நாளிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டார்.

"அன்னிக்கே தெரியுமா?"

"தெரியுங்கண்ணா."

"சாப்பிட்டுட்டுப் போ" என்றார்.

என்னால் ஆன பரிகாரம் என்று ஒன்றைத் தொடங்கினேன். அவருடைய தட்டுகளை ஒவ்வொன்றாக ஓட்டி, இரண்டு பக்கத்து ஒலியையும் ஒன்றாகச் சேர்த்து, வலது காதுக்கு மட்டுமே முழுப்பாட்டும் கேட்கும்படி பதிவு செய்தேன். அப்போது அந்த ரீமாஸ்டரையும் ஒழுங்காக அளந்தேன். அண்ணன் சொன்னதே உண்மை. டிஜிட்டலில் மெல்லியதையும் உரத்ததையும் ஒரே மட்டத்துக்கு ஏற்றியிருந்தார்கள். தட்டுக்கு வேறு பதிவைப் பயன்படுத்தியிருந்தார்கள். பாதிக் காதோடு அவர் சரியாகக் கேட்டிருக்கிறார். அதையும் அவரிடம் சொன்னேன்.

பதிவை ஹெட்போனில் கேட்டார். "எல்லாம் இருக்குது" என்றார். பிறகு, "வாசிக்கறவங்க எல்லாரும் ஒரே எடத்துல நிக்கிறாங்க" என்றார். கழற்றி மேசைமேல் வைத்தார். மறுபடி கேட்கவில்லை.

அதன்பின் அவர் என்னோடு வாதாடவே இல்லை. வேண்டுமென்றே தப்பாக எதையாவது சொல்லிப் பார்ப்பேன். "நீ சொன்னாச் சரிதான்" என்பார். கோபம் இருந்ததாகவும் தெரியவில்லை. அவர் 'போடா' என்று சொல்ல மாட்டாரா என்று காத்திருந்தே குளிர்காலம் போயிற்று. அந்தக் கட்டியால் தொண்டை நரம்பும் பலவீனப்பட்டு விழுங்குவது சிரமமாகி, சாப்பாடு நுரையீரலுக்குள் இறங்கி, நிமோனியா வந்தது. மருத்துவமனையில், மகள் வலது கையைப் பிடித்திருக்க, அண்ணன் அமைதியாகப் போனார்.

அந்த நாட்களில் முறைவைத்து ரசமும் கஞ்சியும் கொண்டுவந்த ஃபிரிஸ்கோ குடும்பங்களுக்கும், அண்ணியை அழைத்துப்போய் அழைத்துவந்த பக்கத்து வீட்டாருக்கும், பார்சிப்பனியிலிருந்து இரவோடு இரவாகப் புறப்பட்டு வந்த பழைய நண்பர்களுக்கும், இறுதிக் காரியங்களை நின்று நடத்திய கோயில் அன்பர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. அந்த ஞாயிறு அங்கே சிரித்தவர்கள் மீது எந்தக் குற்றமும் இல்லை. உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் அண்ணிக்கு அனுப்பினேன். மகளுக்குத் தமிழ் வேகமாகப் படிக்க வராது. அண்ணி வாசித்துக் காட்டினாராம். மகள் என்னிடம் பேசவில்லை. அண்ணிதான் அழைத்தார்.

"எல்லாமே இருக்கட்டுங்க தம்பி. ஒண்ணும் மாத்த வேண்டாம்னு பாப்பாவும் சொல்லிட்டா. கடைசில மட்டும், அண்ணன் என்னை மன்னிச்சுட்டுத்தான் போனார்னு ஒரு வரி எழுதியிருக்கீங்க. அவரு அப்படி உங்ககிட்டச் சொன்னாருங்களா?"

"இல்லைங்க அண்ணி."

"எங்கிட்டயும் சொல்லல. அதை எடுத்துருங்க."

எடுத்துவிட்டேன்.