குடிக்காத கணவனுக்காக நான் வேண்டியது

என் கணவர் குடிக்க மாட்டார். வெற்றிலைகூடப் போட மாட்டார். என்மேல் ஒரு நாளும் கை வைத்ததில்லை. அதனாலேயே ஐந்து வருடமாக நான் சொன்னதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

என் பெயர் லெட்சுமி. மாத்தளை டவுனை ஒட்டி எங்கள் வீடு. பள்ளிக்கூட யூனிஃபோர்ம் தைத்துக் கொடுக்கிறேன். கணவர் யோகராஜ் ஸ்கூல் வேன் ஓட்டினார். காலையில் யட்டவத்தப் பக்கத்துப் பிள்ளைகளை டவுனுக்குக் கொண்டுவருவார், பகலில் திரும்பக் கொண்டுபோய் விடுவார். எங்களுக்கு ஒரே மகள், திவ்யா. மாரியம்மன் எங்கள் வீட்டுக்குச் செய்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் இனிக்க இனிக்கச் சொல்ல எனக்கு வராது. அவளோடு நான் போட்ட சண்டையையும் சேர்த்தே சொல்கிறேன். மனதில் உள்ளது அவளுக்குத் தெரியாததா?

முதலில் எனக்கு விளங்கவில்லை. பகல் சாப்பாட்டுக்கு வர வேண்டியவர் பொழுது சாயும்போது வந்தார். கேட்டால் டயர் பஞ்சர் என்பார், பெற்றோர் யாரோ மறித்துப் பேசினார்கள் என்பார். கைப்பேசியை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போவார். சில நாள் கொத்து ரொட்டிப் பார்சலோடு பாட்டுப் பாடிக்கொண்டு வருவார். சில நாள் திவ்யா பாடம் கேட்டால்கூட எரிந்து விழுவார். வேறொரு பெண் இருக்கிறாள் என்றே முடிவு செய்துவிட்டேன்.

ஒரு நாள் நூல் வாங்க டவுனுக்குப் போனபோது ஒரு சந்தில் எங்கள் வேன் நிற்பதைக் கண்டேன். எதிரே ஒரு புக்கி. எங்கோ வெளிநாட்டில் ஓடும் குதிரைக்கு இங்கே பந்தயம் கட்டும் கடை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், டீவியைப் பார்த்துக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. வேறு பெண் இல்லை என்று எனக்கு நிம்மதியாகவே இருந்தது. எவ்வளவு பைத்தியக்காரி நான்!

அந்தப் பைத்தியம் தெளிய அதிக நாள் எடுக்கவில்லை. வேன் லீசிங் தவணை தவறியது. திவ்யாவின் டியூஷன் நின்றது. என் மாமியாரிடம் போய் அழுதேன்.

"குடிக்கிறானா? உன்ன அடிக்கிறானா?" என்று கேட்டார்.

"இல்ல அத்தை."

"அப்புறம் என்னடி கொற ஒனக்கு? ஆம்பளைன்னா ஏதாவது ஒன்னு இருக்கத்தான் செய்யும். குதிரைதானே, ஓடிட்டுப் போவுது."

குடிகாரன் வீட்டுக்காரி அழுதால் ஊர் கேட்கும். வாடை வரும், தள்ளாட்டம் வரும், எல்லோருக்கும் தெரியும். இதில் வாடை இல்லை. மனுசன் குளித்து, திருநீறு பூசி, இஸ்திரி போட்ட சட்டையோடு எதிரே உட்கார்ந்திருப்பார். ஆனால் அவர் அங்கே இருக்க மாட்டார். அதை எப்படிச் சொல்லிக் காட்டுவது?

"ஒரே ஒரு தடவ பந்தயம் பெருசா விழுந்துட்டாப் போதும் லெட்சுமி. எல்லாத்தயும் சரி பண்ணிட்டு விட்டுருவேன்" என்பார். கேட்டுக் கேட்டு நானும் நம்பினேன். செவ்வாய்க்கிழமை விரதம் இருந்து, அம்மா, அவருக்கு ஒரு தடவை விழட்டும் என்று அம்மனிடம் கேட்டேன். 

விழுந்தது! புது டீவி வந்தது. எனக்குச் சேலை வந்தது. பால்குடம் எடுத்து நன்றி சொன்னேன். அடுத்த வாரமே அவர் புக்கிக்குள் முதலாளி மாதிரி நடந்து போனார். அதுவரை ஆசையில் விளையாடியவர், அதன் பிறகு தனக்கு விளையாடத் தெரியும் என்ற திமிரில் விளையாடினார். டீவி வந்த வழியே போனது. சேலையை நான் உடுத்தவே இல்லை. கேட்டதைக் கொடுத்து இப்படிக் கழுத்தை அறுப்பாளா ஒரு தாய் என்று அம்மன் மேல் ஆத்திரம் வந்தது.

பிறகு சத்தியங்கள். கோயில் வாசலில் சூடம் கொளுத்தி, அதன்மேல் கை வைத்துச் சத்தியம் பண்ணினார். ஒரு மாதம் தாங்கவில்லை. மறுபடி பண்ணினார். அதுவும் போனது. ஒவ்வொரு தடவையும் உண்மையாகத்தான் அழுதார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். பொய்யழுகை என்றால் விட்டுத் தொலைத்திருப்பேன்.

போன வருடம், பங்குனி வெயிலில், அந்தப் பகல் வந்தது.

வேனில் கடைசியாக இறங்கும் பிள்ளை அமானா. ஆறு வயது. அன்று மற்றப் பிள்ளைகளுக்குப் பரீட்சை, அவளுக்கு மட்டும் பள்ளிக்கூடம் சீக்கிரமே விட்டது. பின்சீட்டில் தூங்கிவிட்டாள். யோகராஜ் வேனைப் புக்கிக்கு எதிரே வெயிலில் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, பூட்டிவிட்டு உள்ளே போனார். ஒரு ரேஸ் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று.

அந்தச் சந்தில் தம்பிலி இளநீர் விற்கும் சிங்களப் பெண்ணொருத்தி கண்ணாடியில் ஒரு சின்னக் கை தட்டுவதைக் கண்டிருக்கிறாள். பிறகு அந்தக் கை தட்டவில்லை. அவள் கூப்பாடு போட்டாள், யாரும் வரவில்லை. தம்பிலி சீவும் கத்தியைத் திருப்பிப் பிடித்து, அதன் பின்புறத்தால் கண்ணாடியை உடைத்துப் பிள்ளையைத் தூக்கினாள். கண்ணாடி உடைந்த சத்தத்துக்குத்தான் என் கணவர் வெளியே வந்தார்.

அவரிடமிருந்து என் போனுக்குக் கோல் வந்தது. "லெட்சுமி... புள்ள... ஆஸ்பத்திரிக்கு வா..." என்றார். தையலை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

ஆஸ்பத்திரி நடையில் அமானாவின் உம்மா ரிஸ்வானா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவருடைய கணவர் கட்டாரில் வேலை. தனியாள். வாயசைந்து துஆ ஓதிக்கொண்டிருந்தார். கிட்டப் போக எனக்குக் கால் வரவில்லை. இந்தப் பக்கத்துச் சுவரோரம் நின்று நானும் கும்பிட்டேன். "தாயே, என் வீட்டுக்காரர எடுத்துக்க, என்ன எடுத்துக்க. அந்தப் புள்ளைய மட்டும் குடுத்துரு." என் வாழ்க்கையில் அதற்கு முன் நான் அப்படிக் கேட்டதில்லை. எனக்கென்று ஒன்றும் மிச்சம் வைக்காமல் கேட்டேன்.

சாயங்காலம் அமானா கண் திறந்து தண்ணீர் கேட்டாள். இன்னும் சற்று நேரம் போயிருந்தால் என்று டொக்டர் சொல்ல வந்து, எங்கள் முகங்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். தாயே, அதற்கு என் உயிருள்ளவரை நன்றி.

பொலிஸில் முறைப்பாடு ஆனது. கோர்ட்டுக்குப் போனோம், தண்டம் கட்டினோம். வேன் லீசிங்காரர்களிடம் போனது. இனித் திருந்திவிடுவார் என்று நினைத்தேன். நீங்களும் அப்படித்தானே நினைப்பீர்கள்? ஒரு பிள்ளை சாகப் பார்த்த பிறகு எந்த மனுசன் அந்தப் பக்கம் தலை வைப்பான்?

ஒரு மாதம்கூட ஆகவில்லை. வீட்டு மூலையில் உட்கார்ந்து, கைப்பேசியில் கிரிக்கெட்டுக்குப் பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார். பின்னால் நின்று பார்த்தேன். என் கையிலிருந்த கத்தரிக்கோலைச் சுவரில் விட்டெறிந்தேன்.

"நீங்க மனுசன்தானா?"

"போனத எடுக்கணும்ல? வேன எடுக்கணும்ல?" என்றார். கண்ணை எடுக்காமலே சொன்னார்.

நேரே கோயிலுக்குப் போனேன். பூசை நேரம்கூட இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "விழணும்னேன், குடுத்து கெடுத்த. சத்தியம் வாங்கினேன், காத்துல விட்ட. இன்னும் எத்தன நாளைக்கு என்ன சுத்த விடுவ? அவரு திருந்துறது இருக்கட்டும். எனக்கு என்ன செய்யணும்னு சொல்லு. இல்லாட்டி இனி இந்த வாசல மிதிக்க மாட்டேன்." ஐயர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மனம் ஆறவில்லை. போன கோபத்தோடேயே திரும்பி வந்தேன்.

அந்த வாரமே ரிஸ்வானா எங்கள் வீட்டுக்கு வந்தார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். திட்டத்தான் வந்திருந்தார்.

"ஒங்கட மாப்புள இன்னும் வெளயாடுறாராமே?" என்றார், உட்காராமலே.

நான் தலையைக் குனிந்தேன்.

"என்னோட கூடப் பொறந்த மூத்த நானாவும் இப்பிடித்தான். ஹராமான வேல செய்றவன்னு சொல்லி எல்லாரும் ஒதுக்கி வெச்சாங்க. நானும் பேச்ச நிப்பாட்டினேன். இது ஒரு வருத்தம், ஒரு நோய்னு ஒருத்தரும் சொல்லல்ல. அவரு மௌத்தான பொறகுதான் ஒரு டொக்டர் சொன்னாரு, காட்டியிருந்தா மருந்து இருந்திச்சின்னு." முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தார். உடனே கோபத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டார். "ஒங்கள்ல எரக்கப்பட்டு வரல்ல. நாளைக்கி வேற வேன எடுத்தாருன்னா வேற உம்மாட புள்ள. ஆஸ்பத்திரியில மனநோய் கிளினிக் இரிக்கி. கூட்டிட்டுப் போங்க."

பிளேன்டீகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

வருத்தம். அந்த ஒரு சொல்லை ஐந்து வருடத்தில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. கெட்ட நேரம் என்றார்கள், செய்வினை என்றார்கள், என் வாய்தான் காரணம் என்றார்கள். நான் கேட்ட வழியை அம்மன் அனுப்பிவிட்டாள் என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்தது. என்மேல் கோபப்பட எல்லா நியாயமும் உள்ள ஒருத்தியிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

யோகராஜ் வரமாட்டேன் என்றார். "நான் என்ன பைத்தியமா?" என்றார். நானும் திவ்யாவும் பையைக் கட்டி வாசலில் வைத்தோம். "நீங்க வந்தா ஆஸ்பத்திரிக்கு. வராட்டி நாங்க நாலந்தாவுல மாமா வீட்டுக்கு. அப்பா, நீங்களே சொல்லுங்க" என்றாள் மகள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டையை மாட்டினார்.

கிளினிக்கில் ஒரு லேடி டொக்டர். சிங்களத்தில்தான் பேசினார். குரலை உயர்த்தவில்லை, புத்தி சொல்லவில்லை. கேள்வி மட்டும் கேட்டார். தோற்றதை எடுக்கத் திரும்பப் போவீர்களா? வீட்டில் பொய் சொன்னதுண்டா? முன்பைவிடக் கூடுதலாகக் கட்டினால்தான் மனம் அடங்குகிறதா? விட முயன்றபோது எரிச்சல் வந்ததா, தூக்கம் கெட்டதா? என் கணவர் எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்றார். நான் வாயைத் திறக்கப் போனேன். டொக்டர் கையால் அமர்த்தினார். எனக்குக் காது வரை கொதித்தது.

பிறகு அதே குரலில் கேட்டார். "அந்தப் பிள்ளைக்கு முன்னாலும் வேனில் பிள்ளைகளை விட்டுவிட்டு உள்ளே போயிருக்கிறீர்களா?"

வெளியே நம்பர் கூப்பிடும் சத்தம் கேட்டது.

"பெரும்பாலான நாள்" என்றார் என் கணவர்.

எனக்கு அன்றுதான் தெரியும். யார் யாருடைய பிள்ளைகளோ! எத்தனை பகல், எத்தனை வெயில்! உட்கார்ந்திருந்த கதிரையைப் பிடித்துக்கொண்டேன். அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சூடத்தின் முன்னால் அழுத அழுகை அல்ல. தான் செய்ததைத் தானே முதல் தடவையாகக் கேட்டவர் போல அழுதார். டொக்டர் முன்பு கேட்ட கேள்விகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கேட்டார். இந்த முறை எல்லாவற்றுக்கும் ஆம் என்றார்.

அன்றே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. அவருக்குக் கிடைக்கும் காசு என் கையில், அவரிடம் பட்டன் போன் மட்டும் என்று டொக்டர் சொன்னபடி செய்தோம். அந்தச் சந்துப் பக்கம் போவதில்லை. ஆசை எழும்பினால் அதோடு சண்டை போடாமல் கொஞ்ச நேரம் தள்ளிப்போடு, எழுந்து நட, யாரிடமாவது பேசு என்றார். அது அலை மாதிரி ஏறி இறங்கிவிடுமாம். முதல் மாதங்களில் அந்த அலையில் நாங்கள் மூன்று பேரும் மூச்சுத் திணறினோம். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பார். நான் நம்பவில்லை. சட்டைப்பையைத் தடவிப் பார்த்தேன். அவருக்கு அது அவமானம். எனக்கும்தான்.

இந்த வருடம் மாசி மகத் தேருக்கு டவுனே திரண்டிருந்த அன்று சறுக்கினார். பழைய கூட்டாளி ஒருவன் கூப்பிட, கோயிலுக்கு வைத்திருந்த காசோடு புக்கிக்குள் போய்விட்டார். எனக்குத் தெரியவே தெரியாது. தேர் எங்கள் பக்கம் திரும்பும் நேரம், கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"லெட்சுமி, நான் போயிட்டேன். காசு எல்லாத்தயும் விட்டுட்டேன். நீ கேக்குறதுக்கு முன்னாடி சொல்லணும்னு வந்தேன்."

கோபம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன், ஓங்கி அறையலாம் போல வந்தது. ஆனால் அடுத்த மூச்சில் எனக்கு உறைத்தது. கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுசன் தானாக வந்து ஒரு உண்மை சொன்னது இதுதான் முதல் தடவை. அம்மன் தேரில் என் கண்ணுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். நான் அழுதேன். அவரும் அழுதார். அடுத்த கிளினிக்குக்கு அவரே எனக்கு முன் எழும்பிப் புறப்பட்டார்.

அதற்குப் பிறகு போகவில்லை. நாளைக்கு என்னவென்று எனக்குத் தெரியாது, இன்றைக்கு இல்லை. மிளகும் கராம்பும் காயவைக்கும் ஸ்டோர் ஒன்றில் மூட்டை தூக்குகிறார். வேன் ஓட்ட ஒரு இடத்தில் கூப்பிட்டார்கள். "பிள்ளைங்க ஏறுற வண்டி எனக்கு வேணாம்" என்று அவரே சொல்லிவிட்டார். திவ்யாவோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார். அவள் பேசுவது அவருக்குக் கேட்கிறது. தாயே, இதற்குமேல் நான் உன்னிடம் என்ன கேட்பேன்?

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் குடிக்காத, அடிக்காத, ஆனால் வீட்டில் இல்லாத மனுசன் ஒருவர் இருக்கலாம். உன் வாய்தான் காரணம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அவருக்கு விழட்டும் என்று மட்டும் வேண்டாதீர்கள். வழி காட்டு என்று கேளுங்கள். கோபத்தோடு கேட்டாலும் அவள் கோபிக்க மாட்டாள், நான் கேட்டுப் பார்த்தவள். கேட்டுவிட்டு எழுந்து கிளினிக்குக்குப் போங்கள். தனியாகப் போகப் பயமென்றால், செவ்வாய்க்கிழமை காலைப் பூசைக்கு மாத்தளை அம்மன் கோயிலில் தையல்கார லெட்சுமி எங்கே என்று விசாரியுங்கள். நான் கூட வருகிறேன்.