அண்ணை விழுங்கிய சொற்கள்

ஜெர்மனியில் நான் தஞ்சம் கேட்ட விசாரணையில் முதல் கேள்வியைக் கேட்டது அதிகாரி அல்ல, மொழிபெயர்ப்பாளர்.

"தம்பி ஊரில எவடம்?"

அதிகாரி அப்போது கணினியைத் திறந்துகொண்டிருந்தார். நான் ஊரைச் சொன்னேன். யாழ்ப்பாணத்தான் எவனும் அந்தக் கேள்வியோடு நிறுத்துவதில்லை. கோயிலுக்குக் கிழக்கா மேற்கா, எந்தப் பள்ளிக்கூடம், இன்னாரைத் தெரியுமா என்று மூன்றே நிமிடத்தில் என் தாய்மாமனிடம் வந்து சேர்ந்துவிட்டார்.

"அட, அவற்ற மருமகனோ! அவரும் நானும் ஒரே வகுப்பு."

அறுபது வயதிருக்கும். நெற்றியில் திருநீறு, சட்டைப்பையில் இரண்டு பேனா. நல்ல மனிதர். அந்த நல்லதனம்தான் என்னைக் கெடுத்தது.

நான் அங்கே சொல்லவேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. நான் ஆண்களை விரும்புகிறவன். அது தெரியவந்த அன்று என் தமையன் என் கையை முறித்தான். முறையிடப் போன என்னைப் பொலிஸ் இரண்டு நாள் அடைத்துவைத்துச் சிரித்தது, செய்யக்கூடாததெல்லாம் செய்தது. இதை ஜெர்மன் அதிகாரியிடம் சொல்ல எனக்குக் கூச்சமே இருக்கவில்லை. வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். ஆனால் அது என் மாமனின் வகுப்புத் தோழருடைய வாய்வழியாக அல்லவா போகவேண்டும்? "அண்ணை" என்று கூப்பிட்ட வாயால் அதை எப்படிச் சொல்வது? இங்கே பேசுவது எதுவும் வெளியே போகாது என்று அதிகாரி உறுதி சொன்னார். அதையும் அண்ணைதான் மொழிபெயர்த்தார்.

ஆகவே எங்கள் ஆட்களிடம் வழக்கமாக இருக்கும் கதையையே சொன்னேன். பொலிஸ் பிடித்தது, அடித்தது, சந்தேகம் என்றது. என்ன சந்தேகம் என்று அதிகாரி கேட்டார். தெரியாது என்றேன். வெளியே வந்தபோது அண்ணை தோளில் தட்டினார். "பயப்பிடாதையுங்கோ தம்பி, வடிவாய்ச் சொன்னனீங்கள்."

வடிவாய்ச் சொன்னதற்குப் பலன் மஞ்சள் உறையில் வந்தது. நிராகரிப்பு.

மேல்முறையீட்டுக்காக ஒரு ஜெர்மன் பெண் வழக்கறிஞரைப் பிடித்தேன். அவரிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை மொழியில் உண்மையைக் கொட்டினேன். அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "இதை ஏன் முதலே சொல்லவில்லை? இனிச் சொன்னால், நிராகரித்த பிறகு கட்டிய கதை என்பார்கள்." மானத்தை அன்று காப்பாற்றப் போய் உயிரை அடகு வைத்த முட்டாள் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

வழக்குக்கு டெர்மின், அதாவது விசாரணைத் தேதி, வர இரண்டு வருடமானது. அந்த இரண்டு வருடமும் ஹம் என்ற நகரத்தில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினேன். ஜெர்மன் இலக்கணத்தை வகுப்பில் படித்தேன். கெட்ட வார்த்தைகளைத் தொழிற்சாலையில் படித்தேன். இரண்டாவதுதான் பிறகு உதவியது.

நீதிமன்றத்துக்கு வேறு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று வழக்கறிஞர் எழுதிக் கேட்டிருந்தார். வருவதாக இருந்த பெண்ணுக்கு அன்று காய்ச்சல். பதிலுக்கு வந்து உட்கார்ந்திருந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே திருநீறு, அதே இரண்டு பேனா. தள்ளிவைத்தால் இன்னும் எத்தனை மாதமாகும் என்று சொல்லமுடியாது என்றார்கள். வேண்டாம், இன்றே நடக்கட்டும் என்றேன்.

வழக்கறிஞரின் மனுவில் உண்மை முழுக்க இருந்தது. நீதிபதி என்னைப் பார்த்தார். "முதல் விசாரணையில் இதைப்பற்றி ஒரு சொல்லும் இல்லையே, ஏன்?"

காரணம் என் இடப்பக்கத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. "வெட்கமாயிருந்தது" என்றேன். அண்ணை தலையை நிமிர்த்தாமல் அதை மொழிபெயர்த்தார். நீதிபதியின் முகத்தில் நம்பிக்கை தெரியவில்லை.

என் கையில் மிச்சமிருந்த ஒரே சான்று, தமையன் கைத்தொலைபேசிக்கு அனுப்பிய குரல்பதிவு. வழக்கறிஞர் அதைப் போட்டார். ஒரு நிமிடம்கூட இல்லை. அந்த அறையில் என் தமையனின் குரல் கேட்டதும் முறிந்த கை தானாக மடங்கியது. தூசணத்தில் தொடங்கினான். அந்தச் சொற்களை இங்கே எழுத எனக்கும் கை வரவில்லை. நானும் அதே ஊர்தானே. மிச்சம் இது: "வந்தியெண்டால் எயார்போட்டில வைச்சே வெட்டுவன். பொலிஸிலையும் சொல்லி வைச்சிருக்கிறன். அம்மாவுக்கு நீ செத்துக் கனகாலம்."

அண்ணை தொண்டையைச் செருமினார். பிறகு ஜெர்மனில் சொன்னார்: தமையன் மிகவும் கோபமாக இருக்கிறார். குடும்ப மானம் போய்விட்டது என்கிறார். திரும்பி வரவேண்டாம் என்கிறார்.

நீதிபதி எழுதத் தொடங்கினார். எந்தக் குடும்பத்தில்தான் அண்ணன் தம்பி சண்டை இல்லை என்று அவர் நினைத்திருப்பார்.

"இல்லை" என்று ஜெர்மனில் கத்தினேன். "அவன் அப்படிச் சொல்லவில்லை." எழுந்து நின்று, என் தமையன் என்னைச் சொன்னதையெல்லாம் என் வாயாலேயே எனக்குச் சொன்னேன். தொழிற்சாலையில் கற்ற சொற்களைப் போட்டு, ஒன்றும் விடாமல், எங்கே வைத்து எப்படி வெட்டுவான் என்பது வரைக்கும் சொன்னேன். நீதிபதி பேனாவை வைத்துவிட்டு அண்ணையிடம் திரும்பினார். "இவர் சொல்வது சரியா?"

அண்ணை மேசையைப் பார்த்தபடி, "யா" என்றார்.

நடைபாதையில் என் பின்னால் வந்தார். "தம்பி, உங்கட மரியாதைக்காகத்தான் விட்டனான். சபையில அப்பிடியெல்லாம் சொல்லலாமோ?"

"சொல்லாட்டி என்னை ஏத்தி அனுப்பியிருப்பாங்கள், அண்ணை."

அவர் கோட்டுப் பொத்தானைப் பூட்டினார். "மாமாவுக்கு நான் ஒண்டும் சொல்லமாட்டன். அண்டைக்குச் சொல்லியிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டன்."

அவர்மேல் இரக்கம் வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அவர் சொன்னது உண்மையானால் என் இரண்டு வருடமும் வீண்.

தீர்ப்பு சில வாரத்தில் தபாலில் வந்தது. நான் இங்கே இருக்கலாம். காரணங்களில் தமையனின் பேச்சை அப்படியே சேர்த்திருந்தார்கள், நான் மொழிபெயர்த்த ஜெர்மனில், தூசணம் உட்பட. எனக்காக அந்த நீதிமன்றத்தில் உண்மை பேசிய ஒரே உறவு அவன்தான். விசா நீட்டிக்கப் போகும்போதெல்லாம் அந்தத் தாளைத்தான் கொண்டுபோகிறேன்.