காங்டாக்கில் காணாமல் போன நாள்

எல்லைப் போராட்டம் சூடாக இருந்த வருடங்களில் அப்பா ஒரு சபதம் எடுத்திருந்தார். எங்கள் பகுதி மலையாள ராஜ்ஜியத்திலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேரும்வரை மலையாளத்தில் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. பனச்சமூடு சந்தையில் எல்லோர் வாயிலும் இரண்டு பாஷையும் கலந்து புழங்கும். அங்கே இப்படி ஒரு சபதத்தோடு மீன் வாங்குவது எளிதல்ல. அப்பா மீனை விரலால் சுட்டுவார், மீன்காரி மலையாளத்தில் விலை சொல்வாள், அவர் தலையை மட்டும் ஆட்டுவார். வீட்டில் எனக்கும் அதே சட்டம்தான். எட்டு வயதில் நான் அதை அப்பாவைவிடக் கண்டிப்பாகக் காப்பாற்றினேன்.

போலீஸ் சுட்ட ஒரு ஊர்வலத்தில் போனதற்காக அப்பாவுக்கு வாத்தியார் வேலை போயிற்று. பழைய மிஷன் பழக்கம் ஒன்றின் வழியாகக் காங்டாக்கில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. சிக்கிம் அப்போது தனி ராஜ்ஜியம். புத்தமதத்து ராஜா, காங்டாக் தலைநகர். நாள்கணக்கில் ரயிலிலும் பிறகு ஜீப்பிலும் போய் இறங்கினோம். மறுநாள் காலை ஊர் பார்க்கக் கிளம்பினோம். ராஜாவின் அரண்மனையைக் காட்டுவதாக அப்பா எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

முதலில் ஒரு புத்தர் கோயில். அம்மா ஞாயிற்றுக்கிழமை ஆராதனையைத் தவறவிடாதவள். உள்ளே வரமாட்டேன் என்று வாசல் படியில் உட்கார்ந்துகொண்டாள். ஆனாலும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டாள். சுவரோரம் குடம் அளவில் உருளைகள் வரிசையாக நின்றன. வருகிறவர்கள் ஒவ்வொன்றையும் கையால் சுழற்றிவிட்டுப் போனார்கள். நானும் சுழற்றினேன். அப்போதுதான் ஒரு கிழவியைக் கண்டேன். அவள் கையிலேயே கிலுகிலுப்பை போலச் சின்ன உருளை ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அவள் பின்னாலேயே நடந்தேன்.

அவள் படிகளில் இறங்கினாள், திரும்பினாள், மறுபடியும் இறங்கினாள். கடைத்தெருவில் மூடுபனி வந்து மூடியது. விலகியபோது கிழவி இல்லை. கோயில் எந்தப் பக்கம் என்றும் தெரியவில்லை. “எப்பா! எப்பா!” என்று கத்தினேன். சுற்றிலும் சிவந்த கன்னங்களோடு ஜனங்கள் நின்று என்னமோ கேட்டார்கள். ஒரு சொல்லும் விளங்கவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு இந்தியப் பட்டாளக்காரர் வந்தார். “மோளே, எந்தினா கரயுன்னே? நாடு எவிடெயா?”

ஏன் அழுகிறாய், ஊர் எங்கே என்று கேட்டார். அந்த ஊரிலேயே எனக்கு விளங்கிய முதல் பேச்சு. ஆனால் மலையாளம். நான் உதடுகளை இறுக மூடிக்கொண்டேன். அவர் மறுபடியும் கேட்டார். அழுகையை விழுங்கிக்கொண்டு தலையைக் குனிந்தேன். அவர் என் முன்னால் குந்தி உட்கார்ந்து தமிழுக்கு மாறினார்.

“மக்கா, ஏது ஊராக்கும் ஒனக்கு?”

“பனச்சமூடு.”

“எனக்குக் காட்டாக்கடையாக்கும்!” என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு மைல்தான் அது, மலையாளம் பேசுகிற பக்கம்.

கிழவியின் உருளையைப் பற்றி அவரிடம் கேட்டேன். உள்ளே ஜெபம் எழுதிய காகிதம் சுருட்டி வைத்திருக்கும் என்றார்.

“தமிழிலா, மலையாளத்திலா?”

“ரண்டும் இல்ல மக்கா” என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

என் கையைப் பிடித்து மேலே அழைத்துப் போனார். பாதி வழியில் அப்பா ஓடிவந்தார். பின்னால் அம்மா, செருப்பைக் கையில் பிடித்தபடி. அப்பா என்னைத் தூக்கிக்கொண்டார். மற்றக் கையால் பட்டாளக்காரரின் கையைப் பற்றினார்.

“வலிய உபகாரம், அனியா. வலிய உபகாரம். வீடு எவிடெயா?”

நன்றி சொல்லி, தம்பி என்று கூப்பிட்டு, வீடு எங்கே என்று அப்பா கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “எப்பா, நீங்க மலையாளம் பேசிப்போட்டிய!” என்றேன் உரக்க.

அப்பா என்னைக் கீழே இறக்கிவிட்டார். பட்டாளக்காரர் அவர் முகத்தைப் பார்த்தார். “சார் போராட்டத்தில உண்டாயிருந்ததோ?”

“உண்டு.”

“எனக்க அண்ணன் அங்க போலீஸிலாக்கும்” என்று அவர் மெதுவாகச் சொன்னார்.

அவர்கள் கைகள் பிரிந்தன. இருவரும் வேறு வேறு திசையில் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அம்மாதான் செருப்பைக் கீழே போட்டுக் காலில் மாட்டிக்கொண்டு, “பிள்ளை விறைக்குது. இங்க சாயா எங்க கிட்டும் தம்பி?” என்று கேட்டாள்.

சாயாக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தோம். இந்த வருடம் மழை எப்படி, பலா காய்த்ததா, ஆரியங்கோட்டு ரோடு சரியானதா என்று தொடங்கிய பேச்சு முடியவே இல்லை. அப்பா மலையாளத்தில் கேட்டார். அவர் தமிழில் பதில் சொன்னார். நான் அரண்மனை, அரண்மனை என்று அப்பாவின் கோட்டுக் கையை இழுத்துக்கொண்டே இருந்தேன். வெயில் இறங்கிவிட்டது. அன்று அரண்மனை பார்க்கவில்லை.

எங்கள் ஊர் தமிழ்நாட்டுப் பக்கம் போகுமா, மலையாளப் பக்கமே நிற்குமா என்று மட்டும் அவர்கள் இருவரும் ஒரு தடவைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. அவ்வளவு தூரம் வந்ததில் அவர்களுக்கு அது மறந்துபோயிற்று என்றே அன்று நான் நினைத்தேன்.