கல்முனைச் செவ்வரத்தையின் தாய்வழி

கசங்கிய செவ்வரத்தை இலையின் பச்சை வாடையும் ஸ்பிரிட்டின் நெடியும் சேர்ந்து எழுந்தால், எங்கிருந்தாலும் நான் கல்முனையில் நிற்பேன். எண்பத்திரண்டாம் ஆண்டு ஆவணி, ஒரு புதன்கிழமை.

காலை ஆறரை, மட்டக்களப்பு பஸ் நிலையம். கல்முனை இருபத்தைந்து மைல். ஆளுக்கு நாலு ரூபாய். என்னோடு என் சினேகிதி சரோ, செடிகளைத் தாக்கும் வைரஸ்களை ஆராய்பவர். மடியில் சுருட்டிய படங்கள்.

"எக்ஸ்ரேயா அக்கா? ஆருக்கு நெஞ்சு?" என்றார் கண்டக்டர்.

"செவ்வரத்தைக்கு," என்றார் சரோ. செம்பருத்திக்கு இங்கே அந்தப் பெயர்.

"அதுக்கும் பீடிப் பழக்கமா?"

பஸ்ஸே சிரித்தது. இடப்பக்கம் தென்னைகளுக்கிடையே கடல், வலப்பக்கம் வாவி. நடுவே சரோவின் குரல் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு மாதம் முன்பு இந்தக் கரையில் ஆறு செவ்வரத்தை வேலிகளில் மஞ்சள் வளையம் விழுந்த இலைகளைப் பறித்து வெளிநாட்டுக்கு அனுப்பியிருந்தார். அங்கே வைரஸின் மரபிழையை நொதியால் துண்டாக்கிப் படமெடுத்தார்கள்; துண்டுகள் கரும்புள்ளிகளாய்ப் பதிந்தன.

"வைரஸ் தன்னையே படி எடுக்கும். சில வேளை எழுத்துப் பிசகும். அந்தப் பிசகோடயே அடுத்த படி. பிசகைப் பிடிச்சுக்கொண்டு போனா எது எதிலயிருந்து வந்தது என்டு தெரியும்."

ஒரு பிழை பரம்பரையாவதா! எனக்கு இருக்கையில் இருப்புக் கொள்ளவில்லை.

எட்டு மணி பத்து நிமிடம், கல்முனை. மீன் வாடையைத் தாண்டி, கடற்பக்கத் தெருவில் மரியம் ராத்தாவின் வீடு. அக்காவை இங்கே ராத்தா என்பார்கள். வெள்ளிக்கிழமை கடைசி மகளுக்குக் கல்யாணம். வாசலில் ஒரு வாளித் தண்ணீரில் செவ்வரத்தைக் கம்புகள் தயாராய் நின்றன.

இந்தக் கரையில் மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுவார். மரியத்தின் குடும்பத்தில் இன்னொன்றும் உண்டு: தாய் தன் வேலியில் கம்பு வெட்டி, மகளின் புது வாசலில் தன் கையால் ஊன்ற வேண்டும். அதுதான் தாயின் சம்மதம்.

"வளையம் நோயா?" சரோ விஷயத்தைச் சொன்னதும் மரியம் இடுப்பில் கைவைத்தார். "என்ட உம்மா ஊன்டின கம்புக்கு நோயென்டா சொல்றீங்க?"

சரோ ஒரு இலையைக் கசக்கிக் காட்டினார். கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்தார். "கம்போட போகுது ராத்தா. வெட்டுற கத்தியாலயும் ஏறுது."

பிறகு படங்களை வெயிலில் பிடித்தார். மரியத்தின் வேலி, கட்டிக்கொடுத்த மகள்மார் மூவரின் வேலிகள்: நான்கிலும் ஓரத்தில் ஒரு கூடுதல் புள்ளி. மரியத்தின் உம்மாவுடைய பழைய வீட்டு வளவில் அது இல்லை. ஆறாவதிலும் இல்லை.

"ஆறாவது மருதமுனை," என்றார் சரோ. "உம்மாடதும் இதும் ஒரே அச்சு."

மரியத்தின் முகம் இறுகியது. "அது என்ட தங்கச்சி றசியாட வாசல்."

மணப்பெண்தான் மெதுவாக எங்களுக்குச் சொன்னாள். சாச்சி, அதாவது சின்னம்மா, தான் விரும்பியவரைக் கல்யாணம் முடித்தார். வீடும் இல்லை, கம்பும் இல்லை. பிறகு அவர் வாசலில் வளையச் செவ்வரத்தை பூத்தபோது, என் வேலியில் களவெடுத்தவள் என்று மரியம் அவரோடு பேச்சை நிறுத்தினார். பதினொரு வருடம். கல்யாணத்துக்கும் சாச்சிக்குச் சொல்லவில்லை.

"உங்கட வேலியிலயிருந்து போயிருந்தா அந்தப் புள்ளி இருந்திருக்கும்," என்றார் சரோ, சொற்களை அளந்து. "பெரும்பாலும் அது உங்கட வேலிக் கம்பு இல்ல. ஆர் வெட்டினது என்டு படம் சொல்லாது."

மரியம் படத்தைப் பிடுங்கித் தானே வெயிலில் உயர்த்தினார். நெடுநேரம் பார்த்தார்.

"உம்மாட வளவுக் கேற்றுப் பூட்டின்ட திறப்பு, போன வருசம் அவ மௌத்தாகிக் கண்ணை மூடுற வரைக்கும் அவட இடுப்பிலதான் கிடந்தது. கல்யாணத்துக்குப் பிறகு றசியா அந்தக் கேற்றை மிதிச்சதே இல்ல." குரல் உடைந்து, சிரிப்பும் வந்தது. "கள்ளி உம்மா! போய் ஊன்டியிருக்கா. என்னிட்ட ஒரு சொல்லுச் சொல்லல்லயே!"

வாளியைத் தூக்கினார். கம்புகள் அடுப்புக்குப் போயின.

ஒன்றரை மணி பஸ். என் ஊரில் வம்சத்தை ஆண்களின் பெயர்களால் எழுதி வைத்திருக்கிறோம். இங்கே கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி தாய்மாரின் கைகளை எழுதி வைத்திருக்கிறது. அதிலும் ஒரு தாய் ஒளித்த கையை.

பஸ் புறப்படும்போது மரியம் முக்காட்டைப் பிடித்தபடி ஓடிவந்தார்.

"மருதமுனை மூணு மைல்தான். இறங்கி றசியாட்டச் சொல்லுங்க, வெள்ளிக்கிழமை விடியவே வரட்டாம். மகளுக்கு மருதோன்றி போட அவதான் வேணும்."

பஸ் நகர்ந்தது. அவரும் ஜன்னல் கம்பியோடு நடந்தார்.

"கையில கம்பு கிம்பு தூக்கிக்கொண்டு வந்திரப் போறா! வெறுங்கையோட வரச் சொல்லுங்க!"