பஞ்சு விளைந்த வாழை

என் மேசை மேல் பேனா போட்டு வைக்கும் ஒரு ஜாம் பாட்டில் இருக்கிறது. அதன் கழுத்தில் குங்குமம் காய்ந்து ஒட்டியிருக்கிறது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் பள்ளித் தாளாளர் மீது எனக்கு எரிச்சல் வருகிறது, இன்றைக்கும்.

பாளையங்கோட்டையில் அந்தப் பள்ளி, பிளஸ் ஒன்னுக்கு உயிரித் தொழில்நுட்பத்தைத் தொடங்கிய வருடம் நான் வேலைக்குச் சேர்ந்தேன். நாலைந்து பிள்ளைகள்தான். கூட ஆள் சேராவிட்டால் அடுத்த வருடம் பாடமும் கிடையாது, எனக்கு வேலையும் கிடையாது. தாளாளர் பாத்திரக்கடை வைத்து வளர்ந்தவர், ஊருக்கே அண்ணாச்சி. "பத்தாங்கிளாஸ் பெத்தவங்க கூட்டத்துல எதையாவது கண்ணுல காட்டணும் டீச்சர். புஸ்தகத்தக் காட்டுனா எவன் சேருவான்?" என்று கறாராகச் சொல்லிவிட்டார். ஏரலிலிருந்து வாழைக்கன்று வரவழைத்து, குருத்தை நறுக்கி, கிருமி நீக்கிய ஜாம் பாட்டில்களில் சத்துக்கூழின் மேல் வைத்து வளர்த்தோம். ஒவ்வொன்றாகப் பூஞ்சை பிடித்து வீணானது. கடைசியில் ஒன்றே ஒன்று பச்சை விட்டது. அதன் பக்கத்தில் தும்மிய பையனை நான் ஒரு வாரம் ஆய்வகத்துக்குள் விடவில்லை.

அப்போது பார்த்து ஆயுத பூஜை வந்தது. அண்ணாச்சிக்குக் கடைப் பழக்கம். கல்லாப்பெட்டிக்கு வெளியே மட்டும் பொட்டு வைத்தால் மனசு ஆறாது, திறந்து உள்ளேயும் திருநீறு போட வேண்டும். நான் லீவில் ஊருக்குப் போயிருந்தபோது ஆய்வகத்துக்கு வந்தவர், பாட்டிலின் கழுத்தில் குங்குமம் வைத்து, மூடியைத் திறந்து உள்ளே ஒரு சிட்டிகை திருநீறும் செவ்வந்தி இதழும் போட்டு மூடியிருக்கிறார். "பாடம் நிலைக்கணும்னுதான் போட்டேன்" என்றார். திட்டவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. கூட்டத்தன்று பாட்டில் நிறைய வெள்ளை வெளேரென்று பூஞ்சை.

குப்பையில் போட எடுத்துப் போன என்னிடமிருந்து அண்ணாச்சி அதைப் பிடுங்கிக்கொண்டு மேடையேறினார். "பாத்துக்கிடுங்க, வாழக்குருத்துல பஞ்சு வெளஞ்சிருக்கு. இதுதான் பயோடெக்னாலஜி." நான் ஓடிப்போய் மைக்கை வாங்கி, இது பூஞ்சை, செடி செத்துவிட்டது என்று சொன்னேன். அண்ணாச்சி அசரவில்லை. "பூஞ்சையில இருந்துதான மருந்து எடுக்காங்க? டீச்சர் அதத்தான் சொல்லுதாங்க." சனம் கைதட்டியது. என் வேலை தப்பியது. எனக்குத்தான் ஆத்திரம் அடங்கவில்லை.

இன்று வகுப்பில் பெஞ்சு போதவில்லை. பூட்டிய கண்ணாடி அலமாரியில் வாழைக்கன்றுகள் பச்சைப் பசேலென்று நிற்கின்றன. சாவி என்னிடம்தான். போன வாரம் மகளைச் சேர்க்க வந்த ஒருவர் அவற்றை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மேசை மேலிருந்த குங்குமப் பாட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, ஏமாற்றத்தோடு கேட்டார்: "அந்தப் பஞ்சு வாழைய இப்பம்லாம் வளக்குததில்லையா டீச்சர்?"