தட்டை மூடிவிட்டுப் போன நவமணி

நவமணிக்குக் காலில் சக்கரம் என்று சிலிபின் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். சோறு பாதி வேகும்போதே மூடியைத் திறந்து கிளறுகிற கை அவளுடையது. கையுறைத் தொழிற்சாலையில் ஆள் குறைத்தபோது வீட்டுக்கு வந்தவள், சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்றுதான் நாட்டா செய்ய இறங்கினாள்.

ஐஸ் கச்சாங் என்கிற துருவிய ஐஸ் இனிப்பில் மெல்லுவதற்குப் போடுகிற வெள்ளைக் கட்டிதான் நாட்டா. சந்தையில் தேங்காய் துருவுகிறவர் சாக்கடையில் ஊற்றப்போகும் தேங்காய்த் தண்ணீரை வாங்கி வருவாள். சீனியும் வினிகரும் கலந்து, பழைய நாட்டாவின் புளித்த நீரை விதையாக விட்டு, தட்டில் ஊற்றிக் காகிதத்தால் மூடிவைத்தால் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் மேலே ஏடு கட்டும். அதுகளுக்குத் தீனியாக உரம் வாங்கிப் போடவேண்டும் என்றார்கள். இவள் சோயாக் கட்டியான தவ்ஹு செய்யும் கடையில் கொட்டுகிற சோயாத் தண்ணீரை ஊற்றினாள். தண்ணீர் இரண்டும் ஓசிச் சரக்கு.

ஏடு மட்டும் தடிக்கவில்லை. காகிதம் காகிதமாக வந்தது. செண்டோலும் ஐஸ் கச்சாங்கும் விற்கிற கடைக்காரன் பெர்னார்ட் அதைத் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"வெரல் தடிமன் வேணும்க்கா. அடுத்த தடவயும் இப்படித்தான்னா நான் பழைய ஆளுகிட்டயே எடுத்துக்குறேன்லா."

அவன் ஒருவன்தான் அவளுக்கு வாடிக்கை. அவனும் போனால் மறுபடி சும்மா இருக்கவேண்டும். அந்தப் பயத்தில் சீனியைக் கூட்டினாள், சோயாத் தண்ணீரைக் குறைத்தாள், நின்றால் ஒரு தரம் நடந்தால் ஒரு தரம் தட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

அடுத்த தட்டை ஊற்றி மூடிய அன்றே பாரிட் புந்தாரிலிருந்து போன் வந்தது. தங்கை பிரமிளா குளியலறையில் வழுக்கி விழுந்ததில் கால் முறிந்துவிட்டது. போகாமல் முடியுமா? போனாள். அங்கே இருந்துகொண்டு போனில் கணவன் தேவனைப் பிடுங்கி எடுத்தாள்.

"ஏங்க, தட்ட கொஞ்சம் தொறந்து பாருங்களேன்."

"ஒன் சாமான்ல கை வச்சுட்டு நான் வீட்ல இருக்க முடியுமா? தொடவே மாட்டேன்."

தங்கை ஊன்றுகோல் பிடித்து நடந்த பிறகுதான் திரும்பினாள். பையைக் கீழே வைக்காமல் காகிதத்தை நீக்கினாள். வெள்ளை வெளேரென்று, விரலைவிடத் தடிமனாக, தட்டு நிறைய ஒரே ஏடு. அதே தேங்காய்த் தண்ணீர், அதே சோயாத் தண்ணீர். அவள் கை மட்டும்தான் படவில்லை. முன்பெல்லாம் அவள் சாய்த்துப் பார்த்த ஒவ்வொரு முறையும் கட்டிய ஏடு அடியில் போய், மேலே புதிதாகத் தொடங்கியிருக்கிறது.

சந்தோஷத்தில் கத்த வாயெடுத்தவள் தட்டிலிருந்து கையை இழுத்துக்கொண்டாள். வாழ்நாளெல்லாம் ஓடி ஓடிச் செய்த வேலையில், நன்றாக வந்தது அவள் இல்லாதபோது வந்ததுதானா?

பெர்னார்ட் வாரா வாரம் வேண்டும் என்றான்.

"அப்ப வாரா வாரம் பாரிட் புந்தாரா?" என்றார் தேவன்.

நவமணி புதுத் தட்டை ஊற்றி மூடினாள். பிறகு அதன் எதிரிலேயே உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.